சீகூருக்கு உங்கள் பேஸ் வேண்டாம்: ஒரு ஜங்கிள் ரசிகனின் திறந்த மடல்

வேகமான டிரம்ஸும் பேஸ் என்கிற ஆழமான தாழ்ந்த சத்தமும் சேர்ந்த நடன இசை வகைகளான ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் மட்டுமே வெளியிடும் சுயாதீன இசை லேபிளை நடத்தும் நண்பர்கள் மூவருக்கும்,

போன வாரம் உங்கள் மேலாளர் எனக்கு போன் செய்தார். வரும் பிப்ரவரியில், மசினகுடி பக்கம், சீகூர் பீடபூமியில், காட்டை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில், உங்கள் மூன்று புதிய வெளியீடுகளையும் இரண்டு இரவு திறந்தவெளியில் முழு சவுண்டில் ஓடவிட்டு அறிமுகம் செய்யப் போகிறீர்களாம். எட்டு இரட்டைப் பதினெட்டு பேஸ் பெட்டி (ஒவ்வொன்றிலும் பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு), அதற்கேற்ற ஆம்ப், 125 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும் என்றார். முன்பணம் 15,000 ரூபாயும் அன்று மாலையே என் கணக்கில் விழுந்துவிட்டது. நான் சரி என்று சொல்லவே இல்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றுதான் சொன்னேன். யோசித்துவிட்டேன். மேலாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் நான் மறுத்தால் மைசூரிலிருந்தோ கோவையிலிருந்தோ வேறொருவர் வந்து பெட்டி இறக்கிவிட்டுப் போவார். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் மசினகுடியில் 22 வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கோவில் திருவிழா, எல்லாவற்றுக்கும் என் பெட்டிதான் போகும். அப்பா சிங்காரா மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். டிரான்ஸ்ஃபார்மர் முனகலைக் கேட்டுக்கொண்டே வளர்ந்ததாலோ என்னவோ, அடிவயிற்றில் இறங்கும் சத்தத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பித்து. ஆகவே சத்தம் பிடிக்காத ஒரு பெரிசு புலம்புகிறது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் இசையும் எனக்குப் புதிதில்லை. 1998-இல் மாவனல்லாவில் ஒரு விடுதியில் எடுபிடியாக இருந்தேன். அறையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுப் பையன் 90 நிமிட கேசட் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஏதோ கிறுக்கல். போட்டுப் பார்த்தால் இரைச்சலோடு ஒரு ரேடியோ பதிவு. பேய் வேகத்தில் டிரம்ஸ், நடுநடுவே ஒருவர் மைக்கில் கத்துகிறார், யாருக்கோ வாழ்த்துச் சொல்கிறார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அணைக்கவும் முடியவில்லை. கூல் எஃப்எம் மாதிரியான அனுமதியில்லாத வானொலிகள் 1991 வாக்கில் லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடி ஏரியலை வைத்துக்கொண்டு இந்த இசையை ஊரெங்கும் அனுப்பின என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது தவில்காரர் மூன்றாம் காலத்தில் வெளுத்து வாங்கும்போது கீழே தேர் அசைந்து அசைந்து நகர்கிற மாதிரி இருக்கிறதே! மேலே நிமிடத்துக்கு 170 அடி, கீழே பேஸ் அதில் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். இரண்டு நடையும் ஒரே உடம்பில். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் அந்தத் தேர் கேட்கவே இல்லை. ஒரு ஜீப்பில் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் மாட்டி அதே கேசட்டைப் போட்டபோதுதான் முதல்முறையாகக் கேட்டேன். சீட்டு அதிர்ந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தத் தொழில்.

உங்கள் மூன்று வெளியீடுகளையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். நாலு பாட்டு உள்ள இசைத்தட்டு, கேசட், அப்புறம் இணையத்தில் மட்டும் விற்கிற நீளமான தொகுப்பு. இசைத்தட்டின் முதல் பக்கத்து இரண்டாவது பாட்டில் பிரேக்பீட்டை, அதாவது பழைய பாட்டிலிருந்து எடுத்த டிரம்ஸ் பகுதியை, துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கியிருக்கும் விதம் அபாரம். ஒரு ஸ்நேர் அடிகூட எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை, ஆனால் கால் தாளம் தப்பவில்லை. இப்போது வருகிற டிரம் அண்ட் பேஸில் பாதி, அச்சில் வார்த்த செங்கல் மாதிரி ஒன்றுபோல இருக்கும்போது, பழைய ஜங்கிளின் அந்தக் கிறுக்குத்தனத்தை நீங்கள் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கேசட் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கேசட்டில் அந்த ஆழமான பேஸ் மழுங்கிப்போகிறது. அதை யாராவது உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது தொகுப்பைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அது எங்கள் ஊர்க் காட்டில் பதிவு செய்தது.

தகரக் கூரையில் மழை, மாயாற்றுப் பள்ளத்தாக்கின் இரவுப் பூச்சிகள், கடைசிப் பாட்டில் ஒரு யானையின் உறுமல். அந்த உறுமலைக் கொஞ்சம் வேகம் கூட்டி, மனிதக் காதுக்கு எட்டும்படி மேலே ஏற்றி, பேஸாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. அந்தப் பாட்டை என் கம்ப்யூட்டரில் போட்டு அளந்து பார்த்தேன். அடி சுரம் 33 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 33 அதிர்வில், நிற்கிறது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் 41. இதெல்லாம் காதுக்கானது இல்லை, உடம்புக்கானது. அதைச் சரியாகக் கேட்க வைக்கத்தான் எட்டு இரட்டைப் பதினெட்டு கேட்டீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. தொழில்காரனாகச் சொல்கிறேன், சரியான கணக்குத்தான். அந்த 33 ஹெர்ட்ஸை அதே மாயாற்றுப் பக்கம் கொண்டுவந்து அவிழ்த்துவிடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1984-இல் அமெரிக்காவில், போர்ட்லண்ட் விலங்குக் காட்சிச்சாலையில், கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் கூண்டருகே உட்கார்ந்திருந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் காற்று அதிர்கிற மாதிரி ஓர் உணர்வு. சின்ன வயதில் சர்ச் ஆர்கனின் மிகத் தாழ்ந்த குழாய் ஒலிக்கும்போது பக்கத்தில் நின்று உணர்ந்தது அவர் நினைவுக்கு வந்தது. பிறகு பதிவு செய்து பார்த்தால், யானைகள் நம் காதுக்குக் கீழே பேசிக்கொண்டிருந்தன. ஆசிய யானையின் அந்தக் குரல் 14-லிருந்து 24 ஹெர்ட்ஸ் வரை. அதன் மேல்வரிசை ஒலிகள் 30, 40, 60 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் பேஸ் உட்கார்ந்திருப்பதும் அங்கேயேதான்.

கண்டுபிடித்த கதையைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேஸ் கேட்கிற எவனும் இதை நம்புவான். நமக்கு அது ஒரு சுகம், யானைக்கு அது பேச்சு. மந்தை மந்தையாகப் பிரிந்து மேயும்போது கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் மற்ற யானைகளோடு அந்தத் தாழ்ந்த குரலில்தான் தொடர்பு. சாயங்காலம் ஆகி, குளிர்ந்த காற்று தரையோடு படியும்போது அந்தச் சத்தம் இன்னும் தூரம் போகும். நீங்கள் பெட்டியைத் திறக்கப்போவதும் அதே நேரத்தில்தான்.

இது புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. நானே செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடம் முன்பு, மார்ச் மாதம், ஒரு ரிசார்ட்டில் கல்யாண வரவேற்பு. நாலு இரட்டைப் பதினெட்டு இறக்கினேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் கொண்டுவந்த பாட்டில் பாதி டிரம் அண்ட் பேஸ். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் ஊரிலேயே நம் பெட்டியில் இதைப் போடுகிற நாள் வந்துவிட்டதே என்று வால்யூமைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றினேன். எட்டரை மணி இருக்கும், ஒரு பெரியவர் மிக்ஸர் பக்கத்தில் வந்து நின்றார். இருளர், வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ரிசார்ட்டில் இரவுக் காவலுக்கு இருந்தார். "தம்பி, பாட்டு ஓடட்டும். அந்தப் பெரிய பொட்டிய மட்டும் நிறுத்து" என்றார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு நெஞ்சுல இடிக்குது. அதுக்குக் கால்ல இடிக்கும்" என்றார்.

ஜெனரேட்டருக்குப் பின்னால் வேலி ஓரம் கூட்டிப்போய்க் காட்டினார். நல்ல நிலா. உண்ணிச்செடிப் புதருக்கு அந்தப் பக்கம் ஏழு யானை, அதில் இரண்டு குட்டி. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஓடையில் இறங்கித் தண்ணீருக்குப் போகிற கூட்டம் என்றார். அன்றைக்கு நகரவில்லை. முன்னால் நின்ற பெரியது தும்பிக்கை நுனியைத் தரையில் வைத்து அப்படியே உறைந்து நின்றது. முன்னங்காலில் உடம்பைச் சாய்த்திருந்தது. யானைகள் தரையில் வரும் அதிர்வைப் பாதத்தால் உணர்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். பெரியவர் அதைப் படித்தவர் இல்லை.

நான் பெட்டியை நிறுத்தினேனா? நிறுத்தவில்லை. பெண்ணின் அப்பா வந்து, பதினொரு மணி வரை ஓட்டினால் கூட 2,000 தருகிறேன் என்றார். ஓட்டினேன். ஒன்பதேகாலுக்கு அந்தக் கூட்டம் திரும்பி, தான் என்றும் போகாத பக்கமாக, லைன் வீடுகள் இருக்கிற பக்கமாகப் போனது. ஒரு தண்ணீர்த் தொட்டி போச்சு, ஒரு வீட்டின் சமையலறைச் சுவர் போச்சு. அடுத்த அறையில் ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவர் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும். பேஸ்தான் காரணம் என்று கோர்ட்டில் ஏறி நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அந்த 2,000-ஐ சிமெண்டுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மசினகுடியைச் சுற்றி எந்த விசேஷத்துக்கும் பேஸ் பெட்டி இறக்குவதில்லை. பெட்டிகள் ஊட்டி, குன்னூர் மண்டபங்களுக்கு மட்டும் போய் வருகின்றன.

இதையெல்லாம் உங்கள் மேலாளரிடம் போனிலேயே லேசாகச் சொன்னேன். அதற்கு அவர், "ரிசார்ட்ல மீட்டர் வெச்சிருக்காங்க, 55 தாண்டாது, எல்லாம் சட்டப்படிதான்" என்றார். அந்த மீட்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரிய வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அளப்பது 'ஏ' என்கிற அளவுமுறையில். மனிதக் காதுக்குத் தாழ்ந்த சத்தம் மந்தமாகக் கேட்கும், அதனால் அந்த முறையில் மீட்டரும் தாழ்ந்த சத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். எவ்வளவு கழிக்கும்? 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல். அதாவது, வேலிக்கு அப்பால் உங்கள் பேஸ் உண்மையில் 85 டெசிபலில் இடித்துக்கொண்டிருக்கும், மீட்டர் சமர்த்தாக 55 என்று காட்டும். உங்கள் கடைசிப் பாட்டின் 33 ஹெர்ட்ஸ் என்றால் கழிவு இன்னும் அதிகம், 40-ஐ நெருங்கும். அந்தக் கழிவு மனிதக் காதுக்கான கணக்கு, யானையின் காதுக்கானது இல்லை. மீட்டரை 'சி' முறைக்கு மாற்றி வேலி ஓரத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள் என்று ரிசார்ட்காரரிடம் சொல்லுங்கள். முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம், இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. உங்கள் அழைப்பில் கடைசி டிஜே ஆரம்பிக்கும் நேரம் நள்ளிரவு 12 என்று போட்டிருக்கிறது.

அழைப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. இடத்தின் பெயர் அதில் இல்லை. டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும் கடைசி நாளில் சொல்வோம் என்று இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரேவ் என்கிற இரவு நடனக் கூடல்களின் வழக்கம் அது, போலீஸ் தடுக்காமல் இருக்க இடத்தைக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். இங்கே யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? எனக்கு ஒரு ஊகம் உண்டு. சீகூர் பீடபூமியை யானை வழித்தடமாக அரசு 2010-இல் அறிவித்தது. உயர் நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவில் பல ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே வழித்தடம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, ஆட்சேபனைகளை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் போட்டது. இவ்வளவும் நடந்த மண்ணில் இடத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற ரிசார்ட் என்றால், அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கும். அதன் பத்திரங்களை நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா?

ரிசார்ட்டுகள் மூடினால் எங்கள் ஊரில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 2018-க்குப் பிறகு என் வருமானம் பாதியாகக் குறைந்தது. ஜீப் ஓட்டுகிறவர்கள், சமையல்காரர்கள், துணி துவைக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் அடுப்பு இதை நம்பித்தான் எரிகிறது. ஆகவே 'வெளியாள் வராதே' என்று நான் சொல்ல மாட்டேன். வாருங்கள், தங்குங்கள், சாப்பிடுங்கள், காலையில் ஜீப்பில் போய் மான் பாருங்கள். ஆனால் 2021 ஜனவரியில், விரட்டுவதாக நினைத்து எரிகிற டயரை எறிந்து ஒரு யானையின் காதையே தீயில் கருக்கியது இதே மசினகுடியில்தான் நடந்தது. அந்த வீடியோவை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு யானையைச் சீண்டுகிற எந்தச் செயலையும், தெரிந்தே செய்தாலும் தெரியாமல் செய்தாலும், இந்த ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். "பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது, மைக்செட் கட்டுகிறீர்கள், கொட்டு அடிக்கிறீர்கள், அப்போது யானைக்கு வலிக்காதா?" நியாயமான கேள்வி. நானும் அங்கே ஒரு காலத்தில் பேஸ் பெட்டி இறக்கியவன்தான். இப்போது கூம்பு ஸ்பீக்கர் மட்டும் கட்டுகிறேன். கூம்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் பேசாது, அம்மன் பாட்டுக்கு அது போதும். இளவட்டங்கள் என்னைத் திட்டுகிறார்கள். திருவிழாவின் கூட்டம், குப்பை, வண்டிகள் பற்றியும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அதை ஊருக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் கோவில் அங்கே இருக்கிறது, அதை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. உங்கள் வெளியீட்டு விழாவை மாற்றலாம்.

இன்னொரு பதிலும் வரும். 1994-இல் இங்கிலாந்து அரசு 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்று சட்டத்திலேயே எழுதிவைத்து இந்த மாதிரி இசைக் கூடல்களை விரட்டியது. அதை நினைவூட்டி, நீங்களும் அந்தப் போலீஸ் மாதிரிதானே பேசுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அங்கே விரட்டப்பட்டவர்கள் கூடிக் கேட்க இடமில்லாத இளைஞர்கள். இங்கே 12,000 ரூபாய் டிக்கெட் எடுத்து, இ-பாஸ் எடுத்து, இரண்டு நாள் தங்கி, திரும்பிப் போகிறவர்கள் உங்கள் ரசிகர்கள். விரட்டப்படப் போவது யார் என்று அந்த வேலி ஓரத்தில் நின்று பார்த்தவனாகச் சொல்கிறேன்.

இ-பாஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மே முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு லாரி நிறைய பேஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு போனால் 'என்ன விசேஷம்?' என்று கேட்டுவிட்டுக் கையசைத்து அனுப்புகிறார்கள். 22 வருடத்தில் ஒரு தடவைகூட என்னை யாரும் தடுத்துத் திருப்பி அனுப்பியதில்லை. இது உங்களுக்கான குறை இல்லை, நிர்வாகத்துக்கு. போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் அழைப்பின் தலைப்பில் 'காட்டின் இசை காட்டுக்கே திரும்புகிறது' என்று போட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஜங்கிள் எங்கே காட்டிலிருந்து போனது? கான்கிரீட் அடுக்குமாடிகளில், ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கிற பழைய சாம்ப்ளர் மிஷின்களில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து கட்டிய நகரத்து இசை அது. காட்டிலிருந்து போனது அந்த வார்த்தை மட்டும்தான். சம்ஸ்கிருதத்தில் ஜாங்கலம் என்றால் மழை குறைந்த வறண்ட நிலம். அது இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அடர்ந்த காடாக மாறியது. மலைக்கு மறுபக்கம் மழை மறைவில் கிடக்கும் எங்கள் சீகூர்தான் அசல் ஜாங்கலம், முள்ளும் கருவேலும் காய்ந்த புல்லும். பிப்ரவரியில் ஓடைகள் வற்றிப்போய், யானைகள் மாயாற்றையும் மிச்சமிருக்கும் சில குட்டைகளையும் நம்பி நடக்கிற நேரம். வருடத்தில் எந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாதோ, அதைத்தான் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

அந்த மூன்றாவது தொகுப்பின் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு செய்தவர் பெயர் இருக்கிறது, மாஸ்டரிங் செய்தவர் பெயர் இருக்கிறது, படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது. கடைசியில் 'உள்ளூர் மக்களுக்கு நன்றி.' உங்கள் பதிவாளரை மூன்று நாள் கூட்டிப்போய், எந்தக் குட்டைக்கு எந்த நேரத்துக்கு யானை வரும், காற்று எந்தப் பக்கம், எங்கே உட்கார்ந்தால் உயிர் பிழைக்கும் என்று காட்டியவர் யார் தெரியுமா? அன்றைக்கு என்னிடம் வந்து பெரிய பொட்டியை நிறுத்தச் சொன்ன அதே பெரியவர். ஒரு நாளைக்கு 600 ரூபாய் கொடுத்தார்களாம். பாட்டு வெளிவந்ததே அவருக்குத் தெரியாது. நான்தான் போனில் போட்டுக் காட்டினேன். உறுமலைக் கேட்டதும், "இது பொட்டை ஆனை, குட்டியத் தேடுது" என்றார். அதைக் கேட்டபிறகு அந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

இந்த விஷயத்தில் மற்ற இசைக்காரர்களைவிட உங்களுக்கு அதிகக் கடமை இருக்கிறது. ஜங்கிள் முழுக்க எந்த டிரம்ஸ் மேல் நிற்கிறது? வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-இல் போட்ட ஒரு சிறு இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டில், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிரெகரி கோல்மன் தனியாக அடித்த நாலு சுற்று. ஏழு விநாடி அளவுதான். அதை வெட்டி ஒட்டித்தான் ஆயிரக்கணக்கான பாட்டுகள். கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை, 2006-இல் வறுமையில் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் பணம் திரட்டி குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். உங்கள் இசைத்தட்டிலும் அதே நாலு சுற்றுதான் ஓடுகிறது, அட்டையின் உள்பக்கம் கோல்மனின் பெயரை நீங்கள் பெரிதாக அச்சடித்திருக்கிறீர்கள். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அமெரிக்காவில் இறந்துபோனவருக்குச் செய்ததை மாவனல்லாவில் உயிரோடு இருப்பவருக்குச் செய்ய என்ன தடை?

நான் கேட்பது இவ்வளவுதான்.

பிப்ரவரி விழாவை சீகூர் பீடபூமியிலிருந்து வெளியே எடுங்கள். குறைத்து வைக்கிறோம், பத்து மணிக்கு நிறுத்துகிறோம் என்ற சமரசம் வேண்டாம். உங்கள் இசையைப் பேஸ் குறைத்துக் கேட்பதில் அர்த்தமே இல்லை, அது உங்களுக்கும் தெரியும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடலாம் என்ற யோசனையும் யாரோ சொன்னார்களாம். தேரை வீட்டுக்குள் இழுக்கிற கதை. கோவையில் சுவர் கனமான ஒரு மூடிய மண்டபத்தைப் பிடியுங்கள். எட்டுப் பெட்டியையும் நானே கொண்டுவந்து இறக்குகிறேன், என் பெட்டிக்கு வாடகை வேண்டாம், லாரி வாடகை மட்டும் கொடுங்கள். இரண்டு இரவும் மிக்ஸரில் நானே நிற்கிறேன். அந்த 33 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கேட்க எனக்கும்தான் ஆசை.

இனி நீலகிரியிலோ முதுமலையைச் சுற்றியோ எங்கே நிகழ்ச்சி நடத்தினாலும் இடத்தின் பெயரை டிக்கெட் விற்கும்போதே போடுங்கள். அது வழித்தடத்துக்குள் இருக்கிறதா என்று ரிசார்ட்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது தொகுப்பின் அடுத்த பதிப்பில் அந்தப் பெரியவரின் பெயரைப் பதிவாளரின் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும். அவரை நேரில் வந்து கேளுங்கள், நான் கூட்டிப்போகிறேன். அந்தப் பாட்டில் வரும் பணத்தில் பதிவாளருக்கு என்ன பங்கோ, அதே பங்கு அவருக்கும். அந்த யானைக் குரல் எப்போது, என்ன நிலையில் பதிவானது என்று அவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

இந்த மாத முடிவுக்குள் பதிலை நீங்களும் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினால் நல்லது. விழா இடம் மாறவில்லை என்றால் இந்த மடலின் அச்சுப் பிரதி ஒன்று வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகும், மீட்டர் கணக்கையும் சேர்த்து.

முன்பணம் 15,000-ஐ வியாழக்கிழமையே உங்கள் மேலாளர் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததா என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

மசினகுடியிலிருந்து,
உங்கள் மூன்று வெளியீடுகளையும் வாங்கிய ஒரு சவுண்ட் சர்வீஸ்காரன்